தாவரவியல் மாடி, மூன்றாவது அறை

சாவி அறை, நிர்வாகக் கட்டடம்
ஏப்ரல் 4

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். மருத்துவர் எழுதும் சீட்டு மாதிரிதான் இருக்கும், ஆனால் இதைக் காட்டினால் எந்தக் கடையிலும் மருந்து தரமாட்டார்கள்.

போனில் பேசலாம்தான். ஆனால் உன் அம்மாவிடமிருந்து போனை வாங்கிக் காதில் வைத்ததும் எனக்கு ஏதாவது வேடிக்கையாகச் சொல்லத் தோன்றும். சொல்வேன். நீ, "சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்பாய். நாலு வருடமாக நமக்குள் இதுதான் பேச்சு. கடிதத்தைப் பாதியில் அம்மாவிடம் கொடுக்கச் சொல்ல முடியாதே என்றுதான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் என்னவென்றால், ஜூன் முப்பதோடு எனக்கு ஓய்வு. இருபத்தொன்பது வருடமாக நானூற்றுப் பன்னிரண்டு சாவிகளை ஆணியில் மாட்டியும் கழற்றியும் சம்பளம் வாங்கியவனைப் பதிவாளர் அலுவலக அதிகாரி அம்மா கூப்பிட்டார்.

"புதுசா சேர்ற பிள்ளைங்களுக்குக் கையேடு போடறோம். 'வளாகம்: ஒரு பார்வை'ன்னு ரெண்டு பக்கம் வேணும். போன வருஷம் எழுதினவர் இல்லாத நீச்சல் குளத்தையெல்லாம் எழுதிட்டார். எல்லாக் கதவும் தெரிஞ்ச ஆள் நீங்கதான். நீங்களே எழுதிக் குடுங்க."

"அம்மா, நான் பத்தாவது. அதையும் ரெண்டு தடவை எழுதித்தான் பாஸ்."

"அப்ப மத்தவங்களைவிட ஒரு வருஷம் கூடுதலாப் படிச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டார்.

எழுதிப் பார்த்தேன். நீதான் திருத்தித் தரவேண்டும். வேறு யாரிடம் போவேன்? உன் அம்மா முதல் வரியைப் படித்ததுமே தூங்கிவிட்டாள்.

"நமது பல்கலைக்கழகம் முந்நூறு ஏக்கரில் அமைந்துள்ளது. வாசல்கள் மூன்று. ஒன்று திறந்திருக்கும். ஒன்று பூட்டியிருக்கும். ஒன்று பூட்டியிருப்பதுபோல் இருக்கும், தள்ளினால் திறக்கும். நூலகத்துக்குக் கதவுகள் நான்கு, திறப்பது ஒன்று. தேர்வுக்கூடத்துக்கு அறுபது ஜன்னல்கள், எதிலும் காற்று வராது. தத்துவத் துறையினர் சாவி வாங்கிச் செல்வார்கள், திறக்க மறந்துவிடுவார்கள். கணிதத் துறை சாவி சொன்ன நேரத்துக்குத் திரும்பி வரும். சட்டத் துறையினர் மட்டும் கையெழுத்துப் போடாமல் சாவி வாங்க வழி தேடுவார்கள். குளத்தின் ஓரத்தில் தாவரவியல் கட்டடம். கீழே வகுப்பறைகள் நான்கு. மாடியில் ஆய்வகம் ஒன்று, படிப்பறை ஒன்று."

இன்னும் இருக்கிறது, தனித் தாளில் வைத்திருக்கிறேன். குடியிருப்பு வீட்டை ஜூலை முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். பேருந்துப் பணிமனைக்குப் பின்தெருவில் இரண்டு அறை வீடு பார்த்திருக்கிறோம். உன் அறைச் சுவரில் நீ பென்சிலால் உயரம் குறித்த கோடுகளை மட்டும் எப்படிக் கொண்டுபோவது என்று தெரியவில்லை.

அப்பா

•

தாவரச் சேகரிப்பு நிலையம்
ஏப்ரல் 15

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. திருத்தி அனுப்பியிருக்கிறேன். துறைகளைக் கேலி செய்யும் வரிகளை அதிகாரி அம்மா விடமாட்டார், ஆனாலும் நான் அடிக்கவில்லை. உணவகம் எங்கே என்று எழுத மறந்துவிட்டீர்கள். புதுப் பிள்ளைகள் முதலில் தேடுவது அதைத்தான். சுகாதார மையம் பதினொரு மணிக்கு மேல்தான் திறக்கும் என்பதையும் சேருங்கள். காய்ச்சலோடு ஒன்பது மணிக்குப் போய் நிற்பவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இன்னொன்று. தாவரவியல் மாடியில் அறைகள் மூன்று. நீங்கள் இரண்டைத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆறாம் வகுப்பிலேயே உங்கள் பலகையில் உள்ள ஆணிகளின் எண்களை வரிசையாக ஒப்பித்தவள் நான். 286 ஆய்வகம். 288 படிப்பறை. நடுவில் 287 எங்கே?

இங்கே இன்னும் குளிர் விடவில்லை. நலமாக இருக்கிறேன்.

உங்கள் மகள்

•

ஏப்ரல் 24

அன்புள்ள வாலுவுக்கு,

உன் சிவப்பு மைத் திருத்தங்களைப் பார்த்ததும் எனக்கு மறுபடி பத்தாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. மூன்றாவது தடவையாவது நல்ல மதிப்பெண் வரும் என்று உட்கார்ந்து எழுதினேன். உணவகம் சேர்த்தாயிற்று. சுகாதார மையம் சேர்த்தாயிற்று. இப்போது ஐந்து பக்கம், இதோடு வைத்திருக்கிறேன்.

அதிகாரி அம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க பொண்ணு நூலகப் படியில எத்தனாவதுல விழுந்தாங்கறது புதுப் பிள்ளைங்களுக்கு எதுக்குங்க?"

"நாலாவது படிம்மா. இப்பவும் ஆடுது. பார்த்து ஏறட்டும்னுதான்."

"மைதானத்தைச் சுத்தி அவங்க சைக்கிள் கத்துக்கிட்டது?"

அதை அவர் அடித்துவிட்டார். தண்ணீர்த் தொட்டி நிழலில் நீ வீட்டுப்பாடம் எழுதியதையும் அடித்துவிட்டார். நான் வளாகத்தைத்தான் எழுத உட்கார்கிறேன், வாலு. எந்தக் கட்டடத்தைத் தொட்டாலும் அதன் வாசலில் நீ சீருடையோடு நிற்கிறாய். நான் என்ன செய்ய?

நீ சின்ன வயதில் சாவிகளில் கட்டிய நூல்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. நூலகத்துக்குச் சிவப்பு, தேர்வுக்கூடத்துக்கு மஞ்சள், தாவரவியலுக்குப் பச்சை. "எழுத்து படிக்கத் தெரியாதவங்களுக்கும் வசதியா இருக்கும்பா" என்று சொல்லிக் கட்டினாய். பல்கலைக்கழகத்தில் எழுத்துப் படிக்கத் தெரியாதவர் யார் என்று அன்றைக்குக் கேட்டேன். "நீங்க எழுதற எழுத்தை யாராலப்பா படிக்க முடியும்?" என்றாய்.

அந்த மூன்றாவது அறையில் பழைய சாமான்கள்தான் கிடக்கின்றன என்று நினைக்கிறேன். புதுப் பிள்ளைகளுக்கு அங்கே வேலை இருக்காது. அதனால்தான் விட்டேன்.

அப்பா

•

மே 3

அப்பாவுக்கு,

நீங்கள் நினைப்பது தவறு. அந்த அறையில் பழைய சாமான் எதுவும் இல்லை. தாவரவியல் துறைத்தலைவர் எனக்குப் போன மாதம் எழுதியிருந்தார். அறையை வெள்ளையடித்து, செடிகளைக் காயவைத்து ஒட்டிய மாதிரித் தாள்களுக்குப் புது அலமாரிகள் வைத்திருக்கிறார்களாம். ஜூன் இருபத்து நான்காம் தேதி காலை பத்து மணிக்கு அங்கே ஆய்வு மாணவர்களுக்குப் பாசிகளைப் பற்றி நான் பேச வேண்டும் என்று அழைத்திருந்தார்.

வர முடியாது என்று பதில் எழுதிவிட்டேன்.

சாவி தொலைந்துபோகும் அறைகளில் நான் பேசுவதில்லை.

'பார்வை' என்று தலைப்பு வைத்துவிட்டு ஓர் அறையைப் பார்க்காமல் போனால் அது பார்வையாகாது. மிச்ச ஐந்து பக்கமும் நன்றாக இருக்கிறது, அப்பா. சைக்கிள் பகுதியை நான் இரண்டு தடவை படித்தேன். ஆனால் அதை எழுதிய கைதான் இந்த ஓர் அறையை எழுதாமல் விட்டிருக்கிறது. அதை எழுதும்வரை எனக்கு வேறு எதையும் திருத்த அனுப்ப வேண்டாம்.

உங்கள் மகள்

•

மே 12

வாலு,

ஏழு தடவை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் நாலாவது வரிக்குள் ஒரு வேடிக்கை வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. இதில் அதை உள்ளே விடப் போவதில்லை.

நாலு வருடத்துக்கு முன்னால், ஜூன் பதினொன்று. தீவில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து மூன்று பேர் ஆள் எடுக்க வந்திருந்தார்கள். பகல் ஒரு மணிக்கு அவர்களுக்குத் திரும்புகிற ரயில். நீ ஒரு வருடமாகச் சேர்த்துக் காயவைத்து ஒட்டிய பாசித் தாள்கள் எல்லாம் 287-இல் இருந்தன. அவற்றைக் காட்டித்தான் நீ பேச வேண்டும்.

முந்தின நாள் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே சொன்னாய். "கெடைச்சா ரெண்டு வருஷம்பா. நடுவுல லீவு கெடையாது. கப்பலே மாசத்துக்கு ஒண்ணுதானாம்." சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் "ஓ" என்றேன். வேறென்ன சொன்னேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்த "ஓ" தவிர ஒன்றும் இல்லை.

காலையில் ஏழு மணிக்குச் சாவி அறையைத் திறந்தேன். 287 கண்ணில் பட்டது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். என்ன திட்டம் என்று கேட்டால் சத்தியமாகத் திட்டம் எதுவும் இல்லை. பத்து மணிக்குள் மாட்டிவிடுவோம் என்றுதான் நினைத்தேன். பத்து மணிக்கு உங்கள் துறைத்தலைவர் வந்து கேட்டார். "காணோம் சார்" என்று என் வாய் சொல்லிவிட்டது. அதை நானும் மற்றவர்களோடு சேர்ந்து காதால்தான் கேட்டேன்.

மாற்றுச் சாவியும் கிடையாது. இருந்த ஒன்றை முன்பிருந்த பேராசிரியர் ஊர் மாறிப் போகும்போது கையோடு கொண்டுபோய்விட்டார். அது எனக்குத் தெரியும்.

"பூட்டை உடைச்சிரலாமே" என்றார் தலைவர்.

"எழுத்துல உத்தரவு வேணும் சார்" என்றேன். கழிப்பறையில் மாட்டிக்கொண்ட பொருளாதாரப் பேராசிரியரை மீட்க ஒரே உதையில் தாழ்ப்பாளைப் பெயர்த்தவன் நான். அன்றைக்கு எழுத்தில் உத்தரவு கேட்டேன்.

நீ வெறுங்கையோடு தலைவரின் அறைக்குள் போனாய். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாய். இடம் வேறு ஒருவருக்குப் போயிற்று. அவர்கள் ரயிலேறிய பிறகு நான் பலகைக்குப் பின்னால் கையை விட்டு, "இங்க விழுந்து கெடந்திருக்கு" என்று எடுத்துக் காட்டினேன். தலைவர் என் தோளில் தட்டி, "விடாமத் தேடினீங்களே, பெரிய விஷயம்" என்றார். அவர் தட்டிய இடத்தில் இன்னும் ஒரு கை இருக்கிற மாதிரியே இருக்கிறது.

பயம், வாலு. வேறு ஒன்றும் இல்லை. நீ போய்விடுவாய் என்று பயந்து பூட்டினேன். இரண்டே மாதத்தில் நீயாக ஒரு வேலை தேடி, இரண்டு ரயில் மாறிப் போகிற ஊருக்குப் போய்விட்டாய். இரண்டு வருடம்தான் கேட்டாய். நான் நாலு வருடத்துக்கு அனுப்பிவைத்திருக்கிறேன்.

நேற்று உன் அம்மாவிடம் சொன்னேன். என் டீயை என் முன்னால் வைத்தாள். அவள் டீயை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாள்.

அப்பா

•

மே 22

அப்பா,

உங்கள் கடிதத்தைச் சேகரிப்பு அறையில் நின்றபடியே படித்தேன். உட்காரத் தோன்றவில்லை.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் எழுதுகிறேன். உங்களுக்கு அது தெரியாது.

அன்று பத்து மணிக்கு நீங்கள் குனிந்து பதிவேட்டைப் புரட்டினீர்களே, அப்போது உங்கள் சட்டைப் பையிலிருந்து பச்சை நூல் ஒரு விரல் நீளத்துக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நான் கட்டிய நூல். அதன் நுனியில் நான் போட்ட இரட்டை முடிச்சு. நான் மேஜைக்கு இந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். பிடித்து இழுத்திருந்தால் சாவி வந்திருக்கும்.

சுற்றி ஏழு பேர் நின்றார்கள். தலைவர், வந்திருந்த மூன்று பேர், இரண்டு மாணவர்கள், பெருக்குகிற அக்கா. சாவி தொலைந்துவிட்டது என்றதும் ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. ஏனென்றால் சொன்னது நீங்கள். இத்தனை வருடம் ஒரு சாவிகூடத் தொலைக்காத மனிதர். அவர்கள் எல்லோரும் பார்க்க உங்கள் பையில் கை விட என்னால் முடியவில்லை.

நீங்களே எடுத்துவிடுவீர்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். "அட, இங்கதான் இருக்கு பாருங்க, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்று எப்போதும்போல் உங்களையே திட்டிக்கொள்வீர்கள், எல்லோரும் சிரிப்பார்கள், நான் ஓடிப்போய்க் கதவைத் திறப்பேன் என்று நினைத்தேன். அந்த ஒரு வேடிக்கைக்காகத்தான் காத்திருந்தேன். அன்றைக்குப் பார்த்து நீங்கள் வேடிக்கை எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நாலு வருடம் போனில் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள்.

என் கோபம் இதுதான். இடம் போனதற்காக இல்லை. அன்று நான் உங்களைக் காப்பாற்றினேன். என்னை யார் காப்பாற்றினார்கள்?

மன்னிப்பதைப் பற்றி இப்போது என்னால் எழுத முடியாது. எழுதினால் பொய்யாகிவிடும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். போன வருடம் நம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கட்டு மாதிரித் தாள்கள், பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவதற்காக, இங்கே வந்தன. பிரித்தால் என் கையெழுத்து. ஒவ்வொரு தாளிலும் பாசியை எடுத்த இடத்தைக் குறிக்க வேண்டும். மற்றவர்கள் பிரதான வாசலிலிருந்து தூரத்தை அளந்து எழுதியிருக்கிறார்கள். நான் எழுதியிருப்பதைப் பாருங்கள்: 'குளத்தின் வடக்குப் படி, சாவி அறையிலிருந்து இருநூறு அடி.' 'தண்ணீர்த் தொட்டியின் அடிச்சுவர், சாவி அறையிலிருந்து நானூற்றைம்பது அடி.' நூற்றுப் பதினெட்டுத் தாள்களிலும் அப்படித்தான். இங்கே இருக்கும் மேலாளர், "அது என்ன இடம், ரொம்ப முக்கியமான இடமா?" என்று கேட்டார். "ஆமா, எல்லாருக்கும் தெரிஞ்ச இடம்தான்" என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் மகள்

•

ஜூன் 2

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் நான் யாருக்கும் சாவி கொடுக்கும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. பச்சை நூல் தொங்கியது எனக்குத் தெரியாது. நீ பார்த்துக்கொண்டு நின்றதும் தெரியாது. தெரிந்திருந்தால் எடுத்திருப்பேன் என்று எழுத வந்தேன். ஆனால் அது உறுதியில்லை. அதனால் எழுதவில்லை.

மூன்றாவது நாள் பழைய பதிவேட்டை இறக்கி, ஜூன் பதினொன்றாம் தேதிப் பக்கத்தை எடுத்தேன். 287-க்கு நேரே 'காணவில்லை, பின்னர் கிடைத்தது' என்று என் கையெழுத்தில் இருந்தது. அதன் கீழே, 'காணாமல் போகவில்லை. என் சட்டைப் பையில் இருந்தது. தெரிந்தே வைத்திருந்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதிகாரி அம்மாவிடம் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். "இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு. இப்ப எதுக்குங்க இது?" என்றார்.

"இத்தனை சாவியையும் ஒப்படைக்கப் போறேன்மா. ஒண்ணை மட்டும் பொய்யோட எப்படி ஒப்படைக்கறது?"

விளக்கம் கேட்டு எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. இருபத்தொன்பது வருடத்தில் முதல் குறிப்பாணை. உன் அம்மா அதை வாங்கிப் படித்துவிட்டு, அன்றைக்குத்தான் மறுபடி என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தாள். விழா வைத்து அனுப்புவதாக இருந்தார்கள், அது இப்போது இல்லை. சால்வைக்கு எனக்குத் தோளும் போதாது, விடு. உங்கள் துறைத்தலைவர் முன்பெல்லாம் தானே வந்து ஊர்க்கதை பேசிச் சாவி வாங்கிப் போவார். இப்போது ஆள் அனுப்புகிறார். அந்த ஆள் வாங்கிய சாவிகளை என் முன்னாலேயே எண்ணிப் பார்க்கிறார். எண்ணட்டும்.

கையேடு அச்சாகிவிட்டது. பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். கடைசிப் பத்தி இப்படி இருக்கும்:

"தாவரவியல் மாடியில் மூன்றாவது அறை, பாசி மாதிரிகள் உள்ள அறை. சாவி எண் 287. பச்சை நூல் கட்டியிருக்கும். இங்கே வேலை உள்ளவர்கள் எந்த நேரத்திலும் கேட்டு வாங்கலாம். சாவி இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சொன்னவரின் சட்டைப் பையைப் பார்க்கவும்."

"கடைசி வரி தமாஷா?" என்று கேட்டார் அதிகாரி அம்மா. "இல்லீங்கம்மா, அனுபவம்" என்றேன். அடிக்காமல் விட்டுவிட்டார்.

வா என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை, கேட்கவும் இல்லை. முப்பதாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குப் பலகையை ஒப்படைப்பேன். அதுவரை தினமும் காலையில் ஏழு மணிக்கு 287 ஆணியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

சுவரில் இருந்த உன் பென்சில் கோடுகளை ஒரு நீளத் தாளில் அளந்து எடுத்துவிட்டேன். உன் அம்மா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். பத்து வயதிலிருந்து பதினொன்றுக்கு நீ வளர்ந்திருக்கிற வளர்த்தியைப் பார்த்து இரண்டு பேருமே கொஞ்ச நேரம் தாளைச் சுருட்டவில்லை.

அப்பா

•

ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

துறைத்தலைவருக்கு வருகிறேன் என்று எழுதிவிட்டேன். இருபத்து நான்காம் தேதி காலை எட்டே முக்காலுக்கு ரயில் வந்து சேரும். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். நேரே அறைக்கு வந்துவிடுகிறேன். பத்து மணிக்குக் கூட்டம். அதற்கு முன் தாள்களை எடுத்து அடுக்க வேண்டும். கதவைத் திறந்து வைப்பது உங்கள் பொறுப்பு.

வர முடியாது என்று எழுதிய நானே இப்போது வருவதற்கு என்ன காரணம் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. கையேட்டின் கடைசிப் பத்தியை என் மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு மேலாளர் ஒரு முறை தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வந்ததும் நீங்கள் ஏதாவது வேடிக்கை சொல்வீர்கள் என்று தெரியும். சொல்லலாம். ஒன்றே ஒன்று.

உங்கள் மகள்

•

ஜூன் 24, கதவில் ஒட்டியது

வாலு,

ஏழு மணிக்கே திறந்துவிட்டேன். ஜன்னல்களையும் திறந்திருக்கிறேன். அலமாரியில் உன் தாள்கள் மேலிருந்து மூன்றாவது தட்டில் உள்ளன. நான் எதையும் தொடவில்லை, தூசி மட்டும் தட்டினேன்.

சாவி மேஜைமேல் இருக்கிறது. பதிவேட்டையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்திருக்கிறேன். உன் பெயரில் எழுதியாகிவிட்டது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. திருப்பித் தரும் நேரம் என்கிற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். இந்த வேலையில் நான் அப்படி விட்டது இதுதான் முதல் தடவை.

நான் கீழே படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். நீ கூப்பிட்டால் மேலே வருவேன். கூப்பிடாவிட்டாலும் பேச்சு கீழே கேட்கும், பரவாயில்லை.

நீ சொல்லச் சொன்ன அந்த ஒன்று: பை இல்லாத சட்டை போட்டு வந்திருக்கிறேன்.

அப்பா